இரண்டு பேர் உழைக்கும் வீடு வசதியான வீடாகிவிடாது

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் தகுதி விதிகளை வகுக்கும் தமிழ்நாடு அரசின் பொறுப்பாளர்களுக்கு,

மாதம் ஆயிரம் ரூபாய் தரும் இந்தத் திட்டத்துக்கு நான் கொடுத்த விண்ணப்பம் இரண்டாவது முறையும் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. 2023-இல் சொன்ன அதே காரணம்தான் இப்போதும்: குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். கணக்கில் தப்பில்லை. எங்கள் வீட்டு வருமானம் அந்தக் கோட்டைத் தாண்டத்தான் செய்கிறது. அதை வைத்து எங்களை வசதியுள்ள குடும்பம் என்று முடிவு கட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் ஓவர்லாக் டெய்லர். ஷிஃப்டுக்கு எனக்கு 450 ரூபாய், அவருக்கு 600. மாதம் 26 நாள் வேலை தடையில்லாமல் கிடைத்தால் எனக்கு 11,700, அவருக்கு 15,600. சேர்த்தால் மாதம் 27,300, வருடத்துக்கு 3,27,600. எங்கள் ரேஷன் கார்டில் ஆறு பேர் இருக்கிறோம். நாங்கள் இருவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார், கல்லூரியில் படிக்கும் நாத்தனார். ஆறு பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு மாதம் 4,550 ரூபாய் வரும். வாடகை, கல்லூரிக் கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, சீட்டுப் பணம் எல்லாம் அதற்குள்தான்.

நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டிலேயே புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி இருக்கிறார்கள். கணவர் சூப்பர்வைசர், சம்பளம் 20,000. மனைவி வேலைக்குப் போவதில்லை. ஆண்டு வருமானம் 2,40,000, தலைக்கு மாதம் 10,000. உங்கள் விதிப்படி அந்தப் பெண்ணுக்குத் தகுதி உண்டு, தொகையும் வருகிறது. அவருக்குக் கிடைப்பதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அந்த ஆயிரம் அவருக்கும் தேவை. ஆனால் தலைக்குப் பத்தாயிரம் உள்ள வீட்டுக்குத் தந்துவிட்டு, அதில் பாதிகூட இல்லாத வீட்டைப் பார்த்து "உங்களுக்கு வருமானம் அதிகம்" என்று சொல்லும் விதி எப்படி நியாயமாகும்? வீட்டுக்குள் எத்தனை வாய் என்று உங்கள் வரம்பு கேட்கவே இல்லை. வாசலில் நின்று மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறது.

இதைவிட என்னை அதிகம் வாட்டுவது இன்னொன்று. நான் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருந்தால் எங்கள் ஆண்டு வருமானம் 1,87,200. அப்போது எனக்குத் தொகை கிடைத்திருக்கும். அதாவது என்னைத் தகுதி இல்லாதவளாக ஆக்கியது என்னுடைய கூலிதான். பெண்கள் வீட்டுக்குள் கூலியில்லாமல் செய்யும் உழைப்புக்கு அரசு தரும் அங்கீகாரம் இது என்றுதான் திட்டத்தைத் தொடங்கும்போது நீங்கள் சொன்னீர்கள். அந்த வீட்டு வேலையை நான் செய்யவில்லையா? விடிவதற்கு முன் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, ஐந்து பேருக்கும் எடுத்துவைத்துவிட்டுத்தான் எட்டரை மணி ஷிஃப்டுக்கு ஓடுகிறேன். வேலை கூடுதலாக உள்ள நாளில் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ராத்திரி வந்தால் பாத்திரமும் துணியும் அப்படியே காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாமியாரைக் குளிப்பாட்டி, பிள்ளைகளின் சீருடையைத் துவைத்து, அந்த வாரத்துக்கு மாவு ஆட்டிவைப்பேன். கம்பெனிக்குப் போவதால் இதில் ஒரு வேலையும் குறையவில்லை. இரண்டு உழைப்பையும் சுமக்கிற பெண்ணை, ஓர் உழைப்புக்குக் கூலி வாங்குகிறாள் என்பதற்காக மற்றதன் அங்கீகாரத்திலிருந்து நீக்குவது எந்தக் கணக்கு?

ஆயிரம் ரூபாய்க்காக யாரும் பன்னிரண்டாயிரம் ரூபாய் வேலையை விடமாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் செக்கிங் டேபிளில் என் பக்கத்தில் நிற்கும் பெண்கள் இதைத்தான் பேசுகிறார்கள். "ஏனுங்க்கா, நாம வேலைக்கு வர்றதுதான் தப்புங்களா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். பெண்கள் வேலைக்குப் போவதில் முன்னே நிற்கும் மாநிலம் என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்த மாநிலத்தில் ஓர் ஏற்றுமதித் தொழிலையே தோளில் தாங்கும் பெண்களின் வாயில் இந்தக் கேள்வி வரக் கூடாது.

இரண்டரை லட்சம் என்ற எண்ணையும் கொஞ்சம் பார்ப்போம். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளி மருத்துவப் பாதுகாப்புத் தேவைப்படுபவர். 2017 ஜனவரியிலிருந்து அதுதான் வரம்பு. வருடக் கணக்கில் அது 2,52,000. அங்கே அது ஒரே ஓர் ஆளின் சம்பளம். உங்கள் திட்டத்தில் கிட்டத்தட்ட அதே தொகை முழுக் குடும்பத்துக்கும் வரம்பாக நிற்கிறது. நானும் இஎஸ்ஐ அட்டை வைத்திருக்கிறேன், என் கணவரும் வைத்திருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் நாங்கள் இருவரும் குறைந்த சம்பளத் தொழிலாளிகள். ஒரே கார்டில் பெயர் இருப்பதால் வசதியானவர்களாகிவிடுகிறோமா? ஒன்றிய அரசு 2025 பட்ஜெட்டில், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவர் வருமான வரி கட்ட வேண்டாம் என்றது. மாதம் ஒரு லட்சம் வாங்குபவரிடம் வரி கேட்க மனம் வராத நாட்டில், ஆறு பேருக்கு 27,000 ரூபாய் கொண்டுவரும் வீடு எதனால் அதிகமாகப்படுகிறது?

கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் முழுத் தொகை, அந்தப் பக்கம் இருந்தால் ஒன்றுமே இல்லை என்பதும் தவறு. வருடத்துக்கு 2,49,000 சம்பாதிக்கும் குடும்பத்துக்குத் தொகையும் சேர்ந்து கையில் 2,61,000. வருடத்துக்கு 2,51,000 சம்பாதிக்கும் குடும்பத்தின் கையில் அந்த 2,51,000 மட்டும். இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக உழைத்தவர் பத்தாயிரம் ரூபாய் பின்தங்கிப் போகிறார். அந்த இரண்டாயிரம் எங்கள் ஊரில் எப்படி வரும் தெரியுமா? கன்டெய்னர் கிளம்ப வேண்டிய வாரத்தில் ராத்திரி நின்று செய்த ஷிஃப்டாக இருக்கும். இல்லையென்றால் தீபாவளி போனஸாக இருக்கும்.

இங்கே சம்பளம் சனிக்கிழமைதோறும் வருவது. ஆர்டர் இருக்கும் வாரம் ஆறு ஷிஃப்டுக்கு மேலேயும் போகும், இல்லாத வாரம் மூன்றோடு நிற்கும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியதும் அதன் வலியை முதலில் உணர்ந்த ஊர்களில் திருப்பூர் ஒன்று. எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் ஒரு ஷிஃப்டாகக் குறைந்தது. சில நாள் காலையில் போய்விட்டு மதியமே திரும்பினோம். அந்த மாதங்களில் என் வீட்டு வருமானம் என்ன என்று எந்தக் கணினியும் கேட்கவில்லை. வேலை நன்றாக ஓடிய காலத்தின் கணக்கு எங்கோ பதிவாகியிருக்கிறது, வேலையில்லாத காலத்தில் அதைக் காட்டி எங்களை ஒதுக்குகிறீர்கள்.

பதிவு என்று சொன்னதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விண்ணப்பத்தோடு வருமானச் சான்று கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் விதி வைத்தது நல்லது. தாலுகா அலுவலகத்தில் நின்று காலம் கழிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அரசுத் தகவல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது யார் சிக்குகிறார்கள் என்று யோசித்தீர்களா? பிஎஃப் பிடிக்கும் கம்பெனியில் வேலை செய்பவர் சிக்குவார். ஒரு தறியோ, தையலுக்கு ஒரு பவர் டேபிளோ வாங்க வங்கிக் கடன் கேட்டு, வங்கி கேட்டதால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர் சிக்குவார். அவர் ஒரு ரூபாய்கூட வரி கட்டியிருக்க மாட்டார். ரொக்கமாகப் பல வீட்டு வாடகை வாங்குபவரின் வருமானம் எந்தத் தகவலிலும் தெரியாது, அவர் தப்பிவிடுவார். இப்படி ஒரு வரம்பு வந்தால் வருமானத்தைக் குறைத்துச் சொல்பவருக்குத் தொகை வரும், உள்ளதைச் சொல்பவருக்கு வராது. முன்பு மருத்துவக் காப்பீட்டுக்கு 72,000 ரூபாய் வரம்பு இருந்தபோது, வருமானச் சான்று கேட்டுப் போகிறவர்கள் எல்லாரும் "72,000-க்குள்ள போட்டுக் குடுங்க" என்று கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பிறகு அந்த வரம்பு 1,20,000 ஆனது. மாதம் பத்தாயிரம். இன்றைக்கு அதற்குள் நிஜமாகவே குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனை பேர்? அரசு வைக்கும் கோடு வாழ்க்கைக்கு வெகு கீழே இருந்தால், அது மக்களைப் பொய் சொல்லத்தான் பழக்கும்.

நான் எங்கள் மகளிர் குழுவின் பொறுப்பில் இருப்பதால் பலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். நிராகரிக்கப்பட்டவர்கள் என்னிடம்தான் வந்து காரணம் கேட்கிறார்கள். ஒருவரின் கணவர் கடனில் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வாங்கிப் பீஸ் மூட்டை ஏற்றி ஓட்டுகிறார். மாதத் தவணை கட்டியது போக மிஞ்சுவது கூலிதான். சொந்தப் பயன்பாட்டுக்கான நான்கு சக்கர வாகனம் என்றுதான் உங்கள் விதியில் இருக்கிறது. மஞ்சள் போர்டு போட்டுப் பிழைப்புக்கு ஓடும் வண்டி எப்படிச் சொந்தப் பயன்பாடு ஆனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இன்னொருவர் விதவை. அவருடைய மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்து 22,000 சம்பளம். அவன் அங்கே அறை எடுத்துத் தங்கி, சாப்பிட்டு, படிப்புக் கடன் கட்டியது போக அம்மாவுக்கு அனுப்புவது மூவாயிரமோ நாலாயிரமோதான். பெயர் கார்டில் இருப்பதால் அவன் சம்பளம் முழுக்க அம்மாவின் வருமானமாகிறது. மகன் தலையெடுத்ததே அந்தத் தாய்க்குக் குறையாகிவிட்டது.

மின்சாரக் கணக்கும் இதே கதைதான். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறீர்கள். தனி வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். லைன் வீடுகளில் பல குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரே இணைப்பு, ஒரே எண். உள்ளே சின்ன மீட்டர் வைத்து வீட்டுக்காரர் எங்களிடம் தனியாகக் காசு வாங்குவார். விண்ணப்பத்தில் நாங்கள் எழுதுவது அவருடைய இணைப்பு எண்ணைத்தான். நான்கைந்து வீட்டு விளக்கும் மின்விசிறியும் ஒருத்தியின் செலவாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இந்த விதிகளால் குடும்பங்களுக்குள்ளும் ஒன்று நடக்கிறது. தகுதி வேண்டும் என்பதற்காகக் கார்டைப் பிரிக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டே, விசாரணைக்கு ஆள் வரும்போது இரண்டாவது அடுப்பைத் தூசு தட்டி வைக்கிறார்கள். வயதானவர்களைக் கூட வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு அரசு கை கொடுக்க வேண்டும். இங்கே அவர்களைப் பிரித்துக் காட்டினால்தான் பணம் வருகிறது. நான் கார்டைப் பிரிக்கவில்லை, பிரிக்கப் போவதுமில்லை.

என் அம்மாவின் கார்டு இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை குத்தினார்கள். அப்பாவுக்கு மில் வேலை. முத்திரை விழுந்த பிறகு ரேஷன் அரிசி இல்லை. கடை அரிசி வாங்க அம்மா பால் அளவைக் குறைத்தார். 2004 தேர்தல் முடிவுக்குப் பிறகு அரசு அந்த முத்திரையைத் திரும்பப் பெற்றது. ஒன்றிய அரசு 1997-இல் வறுமைக் கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லாருக்கும் என்ற வழியில்தான் நின்றது. காலை உணவுக்கு எந்தப் பிள்ளையிடமும் நாம் வருமானம் கேட்பதில்லை. மகளிர் பேருந்தில் ஏறும் பெண்ணிடம் கேட்பதில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாணவியிடம், அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தாயா என்று கேட்கிறோம், அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. இவையெல்லாம் நன்றாகவே நடக்கின்றன. இந்த ஒரு திட்டத்தில் மட்டும் ஏன் சல்லடை?

பணம் போதாது என்று சொல்வீர்கள். அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன். 2023-இல் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்து 1.06 கோடிப் பேருக்குக் கிடைத்தது. இடையில் சேர்ந்தவர்களோடு, 2025 டிசம்பரில் மேலும் சுமார் 17 லட்சம் பேரைச் சேர்த்ததில் மொத்தம் 1.30 கோடியைத் தாண்டியது. ஆண்டுக்கு 15,600 கோடி ரூபாய் ஆகும். இது சின்னத் தொகை இல்லை. இவ்வளவு பேருக்கு மாதம் தவறாமல் நேராக வங்கிக் கணக்கில் போடுவதைக் குறைத்துப் பேசவும் மாட்டேன். மாநிலத்தில் இரண்டு கோடியே இருபது லட்சத்துக்கு மேல் ரேஷன் கார்டுகள் உள்ளன. எல்லாருக்கும் தந்தால் இன்னும் பத்தாயிரம் கோடிக்கு மேல் வேண்டும். இன்றே முடியாது என்றால் புரிந்துகொள்கிறேன். ஆனால் பணம் குறைவாக இருக்கும்போதுதான் யாரை முதலில் சேர்ப்பது என்ற விதி நியாயமாக இருக்க வேண்டும்.

விதியை மாற்றுவது முடியாத காரியமும் இல்லை. முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் இருக்கும் வீட்டில் மற்றப் பெண்ணுக்கும் தகுதி இல்லை என்றிருந்ததை 2023 ஆகஸ்டில் நீங்களே தளர்த்தினீர்கள். என் மாமியாரைப் போன்றவர்கள் இருக்கும் வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். 2025-இல் அரசு மானியத்தில் வாங்கிய நான்கு சக்கர வாகனத்துக்கு விலக்கு கொடுத்தீர்கள். மானியத்தில் வாங்கிய வண்டிக்குக் கிடைத்த நியாயம் வட்டிக்கு வாங்கிய வண்டிக்கும் கிடைக்க வேண்டாமா?

நான் கேட்பவற்றைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வருமான வரம்பைக் குடும்பத்தின் மொத்தத்துக்கு வைக்காமல் தலைக்கு இவ்வளவு என்று வையுங்கள். ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்பது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. விண்ணப்பிக்கும் பெண்ணின் சொந்தக் கூலியை அந்தக் கணக்கிலிருந்து முழுதாக நீக்குங்கள். இந்த மடலில் ஒன்றே ஒன்றைத்தான் ஏற்க முடியும் என்றால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

2023-இல் வைத்த இரண்டரை லட்சம் அப்படியே நிற்கிறது. அதை உயர்த்துங்கள், விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் தானாக உயரும்படி அரசாணையிலேயே எழுதுங்கள். கோட்டைத் தாண்டியதும் அடியோடு நிறுத்தாமல் 750, 500 என்று படிப்படியாகக் குறையும்படி செய்யுங்கள்.

பிழைப்புக்கு ஓட்டும் வண்டியையும் உழவு டிராக்டரையும் தகுதி நீக்கப் பட்டியலிலிருந்து எடுங்கள். வரி கட்டாமல் கணக்கு மட்டும் தாக்கல் செய்தவரை வரி கட்டுபவரோடு சேர்க்காதீர்கள். வெளியூரில் தனியாகத் தங்கி வேலை செய்யும் பிள்ளையின் சம்பளத்தைத் தாயின் கணக்கில் ஏற்றாதீர்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு மின்சார விதியைப் பொருத்தவே வேண்டாம்.

நிராகரித்தால் ஒரு வரிக் குறுஞ்செய்தியோடு விடாதீர்கள். வருமானம் எவ்வளவு என்று கணக்கிட்டீர்கள், எந்த ஆண்டுக்கு, எந்தத் தகவலிலிருந்து எடுத்தீர்கள் என்பதைத் தமிழில் எழுத்தாகக் கொடுங்கள். எதை மறுக்கிறோம் என்று தெரியாமல் மேல்முறையீட்டில் நாங்கள் என்ன எழுதுவது? வேலை குறைந்த ஆண்டில், அந்த ஆண்டின் கூலிச் சீட்டைக் காட்டி மறுபடி விண்ணப்பிக்க வருடம் முழுக்க வழி இருக்க வேண்டும். விண்ணப்ப முகாம் எப்போது வரும் என்று காத்திருக்கும்படி வைக்காதீர்கள்.

வருமானம் என்ற ஒரே காரணத்துக்காக நிராகரித்த விண்ணப்பங்கள் எத்தனை, அவற்றில் பெண்ணும் கூலி வேலைக்குப் போகும் வீடுகள் எத்தனை என்பதை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் வெளியிட்டால், அதற்கான ஒதுக்கீட்டை அந்த அறிக்கையிலேயே செய்துவிடலாம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமையில் வந்து பேசும்படி திருப்பூரில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் வையுங்கள். எங்கள் குழுவில் நிராகரிக்கப்பட்ட ஒவ்வொருவரும் கூலிச் சீட்டோடும் ரேஷன் கார்டோடும் வருவோம்.

இப்படிக்கு,
திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர்